பேனா பிடித்த சினிமா ராணி

சென்ற ஆண்டு நம் கழகத்தின் கலை இரவில் ஒரு புதிர்ப்போட்டி நடந்தது. தமிழின் முதல் பேசும் படத்தில் கதாநாயகியாக நடித்தவர் யார் என்று அறிவிப்பாளர் கேட்டு முடிப்பதற்குள் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் மணியை அடித்து, டி.பி.ராஜலட்சுமி என்று சொல்லிவிட்டார். கைத்தட்டல் எழுந்தது. இரண்டு புள்ளிகள் கொடுத்தார்கள். உடனே கால்பந்து பற்றிய அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த நானும் விடை தெரிந்த மகிழ்ச்சியில் கை தட்டினேன். அந்த ஒரு வரிக்கு மேல் அவரைப் பற்றி எனக்கும் அன்று ஒன்றும் தெரியாது.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வருத்தமே மிஞ்சியது. நாவல் எழுதியவர், தம் கதைக்குத் தாமே வசனம் எழுதிப் படமாக இயக்கியவர், சொந்தப் பணத்தைப் போட்டுத் தயாரித்தவர், ஒரு வரி விடையாகச் சுருங்கிவிட்டாரே என்று தோன்றியது. முதல் கதாநாயகி என்பது அவருக்கு வந்து சேர்ந்த வாய்ப்பு. எழுத்தும் இயக்கமும் அவரே தேடிச் சென்றவை. நாம் நினைவில் வைத்திருப்பது முன்னதை மட்டும்தான். இந்தக் கட்டுரை பின்னதைப் பற்றியும் கொஞ்சம் பேச விரும்புகிறது.

தொடங்கும் முன் என் பாட்டியைப் பற்றி ஒரு சிறு செய்தி. கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடக்குமாம். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடும் வள்ளியை அவர் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார். மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் அந்த வள்ளி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து அழுதே விட்டாராம். வள்ளியாக நடித்தவர் பக்கத்து லயத்து மாமா. பெண்கள் ஏன் நடிக்கவில்லை என்று நான் கேட்டபோது, கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டது போல் என்னைப் பார்த்தார். இது மலாயாத் தோட்டத்தில் 1950களில். அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன், தஞ்சை மாவட்டத்தில், அதுவும் ஒரு பிராமணக் குடும்பத்துச் சிறுமி மேடை ஏறினாள் என்றால் ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ராஜலட்சுமி 1911ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் பிறந்தார். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் முதலாவது திருவையாற்றையும் இரண்டாவது தந்தை பஞ்சாபகேச சாஸ்திரியையும் குறிக்கும். காவிரிக் கரையில் தியாகராசரின் சமாதி இருக்கும் ஊர் திருவையாறு. அந்த மண்ணில் காதில் விழும் பாட்டைக் கேட்டே பிள்ளைகள் பாடக் கற்றுக்கொள்வார்கள் என்பார்கள். சிறுமி ராஜலட்சுமியும் ஒரு முறை கேட்ட பாட்டைத் திருப்பிப் பாடும் திறம் பெற்றிருந்தாள்.

பாட்டு அவளுக்குச் சோறு போடும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்தின் வழக்கப்படி விவரம் தெரியாத வயதிலேயே அவளுக்குத் திருமணம் நடந்தது. வரதட்சணைப் பிரச்சினையில் அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பினாள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று அது சொன்னது. ராஜலட்சுமிக்கு அந்தச் சட்டம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையும் மறைந்தார். கையில் பணமில்லை, ஆண் துணையில்லை, கணவன் வீடு இல்லை என்ற நிலையில் தாய் மீனாட்சி மகளை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனார்.

திருச்சியில் அப்போது சாமண்ணா ஐயரின் நாடகக் குழு இருந்தது. தாயும் மகளும் அங்கே சென்று வாய்ப்புக் கேட்டார்கள். சிறுமி பாடிக் காட்டினாள். நாடகத் தமிழின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் அவளுடைய திறமையை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்ளச் செய்தார் என்பது அவரது வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. சுவாமிகள் 1922 நவம்பரில் மறைந்தார். அப்போது ராஜலட்சுமிக்குப் பதினோரு வயதுதான். அப்படியானால் அவள் எவ்வளவு சிறிய பிள்ளையாக மேடை ஏறியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நம் காலத்துப் பிள்ளைகள் யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதிய வயது அது. நானும் அந்த வயதில் தமிழ்ப்பள்ளி மேடையில் ஒரு மரமாக நின்றிருக்கிறேன், வசனம் கிடையாது.

அந்தக் கால நாடகக் கம்பெனி என்பது ஒரு கடுமையான பள்ளிக்கூடம். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி பாட வேண்டும். இரவு முழுக்க நாடகம், பகலில் ஒத்திகை, சில வாரங்களில் அடுத்த ஊர். பவளக்கொடி, வள்ளி, கண்ணகி என்று பாத்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டம் கேட்டால் ஒரே பாட்டை மூன்று முறை பாடவும் வேண்டும். நம் நாட்டு மாணவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. மலாய் பங்சாவான் நாடகமும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்கியது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது பங்சாவான். தமிழ் நாடகக் கம்பெனிகளின் திரைச்சீலைகளுக்கும் காட்சி அமைப்புகளுக்கும் பார்சி நாடகமே முன்மாதிரி. அந்த வகையில் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பின்னாளில் சிங்கப்பூரில் முதல் மலாய்ப் படமான ‘லைலா மஜ்னுன்’ எடுக்கப்பட்டபோது பங்சாவான் கலைஞர்களே அதில் நடித்தார்கள். தமிழிலும் அதே கதைதான். மேடையில் பாடத் தெரிந்தவர்களைத்தான் படம் தேடி வந்தது.

ராஜலட்சுமியை முதலில் தேடி வந்தவை ஊமைப் படங்கள். 1929இல் வெளிவந்த ‘கோவலன்’ மௌனப் படத்தில் நடித்தார். ராஜா சாண்டோவின் மௌனப் படங்களிலும் பங்கேற்றார். பாடியே பெயர் வாங்கிய ஒருவர் வாயை மட்டும் அசைத்து நடிப்பது எப்படி இருந்திருக்கும்! நல்ல வேளையாக அந்த மௌனம் நீடிக்கவில்லை. 1931 மார்ச் 14ஆம் நாள் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ என்ற இந்திப் படம் வெளியாகி இந்தியத் திரை பேசத் தொடங்கியது. அதைத் தயாரித்து இயக்கிய அர்தேஷிர் இரானி, அடுத்துத் தென்னாட்டு மொழிகளின் பக்கம் பார்வையைத் திருப்பினார். எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் ‘காளிதாஸ்’ உருவானது. கதாநாயகி ராஜலட்சுமி. ‘ஆலம் ஆரா’வுக்குப் போட்ட அரங்க அமைப்பிலேயே, சில நாட்களிலேயே படத்தை எடுத்து முடித்துவிட்டார்கள்.

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. பம்பாயிலிருந்து படச்சுருள் பெட்டி சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு வந்து இறங்கியபோது, மக்கள் வால்டாக்ஸ் சாலை வழியாக ஊர்வலமாகச் சென்று, பூத்தூவி, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி அதை வரவேற்றார்கள் என்று திரைப்பட வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உற்சவமூர்த்திக்குக் கொடுக்கும் மரியாதை ஒரு தகரப் பெட்டிக்குக் கிடைத்திருக்கிறது.

படம் எப்படி இருந்தது என்றால், இன்று கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ராஜலட்சுமி தமிழில் பேசினார். காளிதாசனாக நடித்த பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொன்னார். மொழி புரியாமலே அவர்கள் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டார்கள்! கதைக்குச் சற்றும் தொடர்பில்லாமல் காந்தியின் கைராட்டையைப் போற்றும் ஒரு பாட்டும், தியாகராசர் கீர்த்தனைகளும் படத்தில் இருந்தன. காளிதாசன் காலத்தில் காந்தி எங்கிருந்து வந்தார் என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உப்பு சத்தியாக்கிரகம் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறோம் என்று மக்கள் எண்ணியிருப்பார்கள். திருவையாற்றுச் சிறுமிக்குத் தியாகராசரும் கைகொடுத்தார், காந்தியும் கைகொடுத்தார்.

பிறகு படங்கள் வரிசையாக வந்தன. 1933இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ‘வள்ளி திருமணம்’ படத்தைக் கல்கத்தாவில் எடுத்தார். பி.வி.ராவ் இயக்கினார். வள்ளியாக ராஜலட்சுமி. படம் பெரிய வெற்றி பெற்றது. மக்கள் அவருக்கு ‘சினிமா ராணி’ என்று பட்டம் சூட்டினார்கள். அதன் பிறகு விளம்பரங்களில் அவர் பெயர் பட்டத்தோடு சேர்ந்தே வந்தது. உடன் நடித்த டி.வி.சுந்தரத்தை அவர் மணந்துகொண்டதும் இந்தக் காலத்தில்தான். சிறுவயதில் ஒதுக்கப்பட்ட ஒரு பெண் தானே தேர்ந்தெடுத்து மறுமணம் செய்துகொண்டாள் என்பது அன்றைய சமூகத்தில் சாதாரணச் செய்தி அல்ல. ‘சத்தியவான் சாவித்திரி’, ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லலிதாங்கி’ என்று அடுத்தடுத்து நடித்தார். இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவதில் பயனில்லை. பெயர்களைப் பார்த்தாலே புரியும். எல்லாம் புராணம் அல்லது பழங்கதை. கணவனுக்காக எமனோடு வழக்காடுவாள், சபையில் அழுவாள், தெய்வத்தைக் கூப்பிடுவாள். யாரோ எழுதி வைத்த பெண்களாகவே அவர் மாறி மாறி நடித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் ராஜலட்சுமியின் பேனா வருகிறது. நடிப்போடு நில்லாமல் அவர் நாவல்கள் எழுதினார். ‘கமலவல்லி’, ‘விமலா’ ஆகியவை அவற்றில் சில. தமிழில் பெண்கள் நாவல் எழுதுவது அப்போது முற்றிலும் புதிதல்ல. வை.மு.கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். அவரும் குழந்தையாக இருக்கும்போதே மணமுடிக்கப்பட்டவர்தான். ஆனால் அவருக்கு எழுதுவதற்கு ஒரு வீடும், ஊக்குவிக்கும் கணவரும், தம் கையிலேயே ஓர் இதழும் இருந்தன. நாடகக் கொட்டகைக்கும் படப்பிடிப்புத் தளத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த ஒருவர், முறையான உயர்கல்வி எதுவும் பெறாதவர், உட்கார்ந்து நாவல் எழுதினார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு சொல் ஒப்படைப்பை எழுத நாம் எத்தனை நாள் தள்ளிப்போடுகிறோம்?

‘கமலவல்லி’யைப் படமாக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற பெயரில் தாமே தயாரித்தார். கதை அவருடையது, வசனம் அவருடையது, இயக்கம் அவருடையது, முக்கியப் பாத்திரத்திலும் அவரே நடித்தார். 1936இல் ‘மிஸ் கமலா’ வெளிவந்தது. தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் அது. இந்திய அளவில் அவருக்கு முன்னால் 1926இல் ‘புல்புல்-எ-பரிஸ்தான்’ என்ற மௌனப் படத்தை இயக்கிய பாத்திமா பேகம் இருந்தார். உலகத்தின் சினிமாத் தலைநகரமான ஹாலிவுட்டிலேயே 1930களில் பெரிய நிறுவனங்களில் இயக்குநராக இருந்த பெண் டோரதி ஆர்ஸ்னர் ஒருவர்தான்.

படத்தின் பெயரையும் கவனியுங்கள். புராணப் பெயர் இல்லை, தேவியோ அம்மனோ இல்லை. ஆங்கிலப் பாணியில் ‘மிஸ்’ போட்ட, அந்தக் காலத்து ஒரு பெண். ராஜாவும் ரிஷியும் நடமாடிய திரையில் தம் காலத்துச் சமூகக் கதையைச் சொல்லத் துணிந்தார். அதே 1936இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘சீமந்தினி’ என்ற படத்திலும் அவர் நடித்தார். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்ப் படங்களை இயக்கலாம். அதை யாரும் வியப்பாகப் பேசவில்லை. தமிழ் தெரிந்த, கதையும் எழுதத் தெரிந்த ஒரு பெண் இயக்கினால் மட்டும் அது அதிசயமாகிவிடுகிறது. அந்த ஆண்டிலேயே அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். குழந்தைக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். ஒரே ஆண்டில் இரண்டு கமலாக்கள்.

1939இல் ‘மதுரை வீரன்’ படத்தை இயக்கினார். வி.ஏ.செல்லப்பா நாயகன். எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அது 1956இல் வந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அதே கதையை ஒரு பெண் திரையில் சொல்லியிருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் தோட்டங்களில் மதுரை வீரனுக்குச் சிலை இல்லாத கோயில் குறைவு. சாதி கடந்து காதலித்ததால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், மக்களுக்குக் காவல் தெய்வமாக நிற்கிறான். அந்தக் கதையை ராஜலட்சுமி தேர்ந்தெடுத்ததில் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஊரால் ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

நாட்டுப்பற்றை அவர் ஒரு ராட்டைப் பாட்டோடு விட்டுவிடவில்லை. விடுதலை உணர்வைச் சொல்லும் ‘இந்தியத் தாய்’ படத்தை எடுத்தார். வெள்ளைக்காரர் ஆட்சியின் தணிக்கைக் கத்தரிக்கோல் அதன்மேல் விழுந்தது. பண இழப்பும் ஏற்பட்டது. பிறரது படத்தில் நடித்தால் சம்பளம் வரும். சொந்தப் படம் எடுத்தால் சேர்த்ததும் போகும். இதை அவர் அறியாதவர் அல்லர். வீட்டிலும் அவர் இப்படித்தான் இருந்தார். பெண் என்பதால் சாகவிருந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தம் மகளாகவே வளர்த்தார் என்று சொல்லப்படுகிறது. 

திரையுலகம் வேகமாக மாறியது. ‘நந்தகுமார்’ (1938) படத்தில் அவர் யசோதை. பின்னாளில் பெரிய பாட்டு நாயகனாக விளங்கிய டி.ஆர்.மகாலிங்கம் அதில் பாலகிருஷ்ணனாக அறிமுகமானார். பின்னணிப் பாடல் முறை தமிழில் தலைகாட்டியதும் அந்தப் படத்தில்தான். பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும் என்ற நிலை அதோடு கரையத் தொடங்கியது. மேடையிலிருந்து வந்த தலைமுறையின் பிடி மெல்லத் தளர்ந்தது. வள்ளியாக வந்தவர் இருபத்தேழு வயதுக்குள் தாயாகிவிட்டார். படங்கள் குறைந்தன. 1950இல் வந்த ‘இதய கீதம்’ படத்தோடு திரையிலிருந்து ஒதுங்கினார். 1961இல் அவருக்குக் கலைமாமணி விருது கிடைத்தது. 1964 ஆகஸ்டு 20ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது ஐம்பத்திரண்டு.

அவருக்குப் பிறகு 1953இல் ‘சண்டிராணி’யை இயக்கிய பி.பானுமதியும் எழுத்தாளர்தான், சிறுகதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். 1960களின் இறுதியில் சாவித்திரி இயக்கத்துக்கு வந்தார். இவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நடிகை இயக்குநரானார் என்றே எழுதுகிறார்கள். ராஜலட்சுமியைப் பொறுத்தவரை எழுத்தாளர் இயக்குநரானார் என்று சொல்வதே பொருத்தம். ‘மிஸ் கமலா’ முதலில் காகிதத்தில்தான் பிறந்தது.

அந்தக் காகிதத்தைத் தேடி இரண்டு நூலகங்களில் கேட்டேன். பிரிக்பீல்ட்ஸில் பழைய புத்தகம் வைத்திருக்கும் ஒருவரிடமும் சொல்லி வைத்தேன். அவர் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு எடுத்துக் காட்டினார், அதில் எம்.ஜி.ஆர். இருந்தார், சிவாஜி இருந்தார். ‘கமலவல்லி’ இல்லை. ‘மிஸ் கமலா’ படத்தின் பிரதியும் இன்று இல்லை, ‘காளிதாஸ்’ பிரதியும் இல்லை. பழைய படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. வெப்பத்தில் தானாகவே கெட்டுப்போகும். வெள்ளிக்காக அவற்றை உருக்கியவர்களும் உண்டு. முதல் பேசும் படத்தின் நாயகி பேசியதை இனி யாரும் கேட்க முடியாது.

சென்ற விடுமுறையில் கிள்ளானுக்குப் போனபோது பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1933இலேயே, வள்ளியாக ஒரு பெண்ணே நடித்துவிட்டாள் என்றேன். கைப்பேசியில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எங்கள் தோட்டத்து மாமாவைவிட இவள் அழகுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். கிடைக்காது என்றேன். அப்படியானால் அவள் எழுதிய கதையையாவது படித்துக் காட்டு என்றார்.